டிங்கர் பட்டி பார்த்த எழுத்துகள்

டிங்கர் ஒரு பெட்டி எழுத்துகளின் விலையைக் கடன்பட்டிருந்தான். கடன் எனக்கல்ல. நூலகத்தின் மாடியில் இருக்கும் பெற்றோர் உதவி மையத்துக்கு. எழுத்துக்கு எப்படிக் கடன்பட முடியும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். முழுக்கப் புரிந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று என் பட்டறையில் பதினான்கு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். மோதி, உருண்டு, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி வரும் காரை ஷோரூமிலிருந்து எடுத்த மாதிரி திருப்பிக் கொடுக்கிறோம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனே முதலில் எனக்குத்தான் போன் போடுவான். இதில் பாதிப் பெயர் டிங்கர் வாங்கிக் கொடுத்தது. மீதிப் பாதி என்னுடையது.

டிங்கர் என்றால் ஒடுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். எங்கள் ஆளுக்கு அதுவே பெயராகிவிட்டது. வருஷக்கணக்காகச் சுத்தியல் சத்தம் கேட்டுக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வான். தட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு தகரத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டுவான். பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி இருக்கும். எங்காவது கை நின்றால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே பட்டி என்கிற பசையைப் பூசி, காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி கண்ணை மூடுவான். கை நிற்காமல் ஓடுகிறவரை விடமாட்டான்.

ஒருநாள் மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தான்.

"முதலாளி, பட்டனை ஸ்கூல்ல இருந்து எடுத்துருவாங்களாம்."

பட்டன் அவன் மகள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. குட்டியாக, உருண்டையாக இருப்பதால் பட்டறையில் வைத்த பெயர். பேச ஆரம்பித்தால் வக்கீல் தோற்பான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். எழுத்து எதுவும் அவள் மனசில் நிற்கவில்லை. நேற்றுக் காட்டிய எழுத்து இன்று புது ஆளாகத் தெரிகிறது.

தலைமை ஆசிரியை சொன்னது இதுதான். பெற்றோர் உதவி மையம் என்று ஒன்று இருக்கிறது. இந்தக் குடும்பம் அங்கே உதவி பெறுகிறது என்று அங்கிருந்து ஒரு சான்று வர வேண்டும். பரீட்சைக்குள் வந்தால் பிள்ளை இதே பள்ளியில் இருக்கலாம். வராவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கூட்டிப் போய்க் கூட்டி வர ஒரு ஆள் வேண்டும். அப்படியென்றால் டிங்கரோ அவன் மனைவியோ வேலையை விட வேண்டும்.

"அந்த மையம் எங்கடா இருக்கு?"

"அதைத்தான் அவங்க சொல்லல முதலாளி. விசாரிச்சுக்கோங்கன்னுட்டாங்க."

விசாரிக்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு என்றேன். கிடைக்காத உதிரிப் பாகத்தை மூன்று ஊர் தாண்டிக் கண்டுபிடிக்கிறவன் நான். இது என்ன பெரிய வித்தை?

முதலில் டியூஷன் சென்டருக்குப் போனோம். அங்கே ஃபீஸ் சொன்னார்கள், சான்று கிடையாது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்ததும், "குழந்தை எங்கே?" என்றார்கள். குழந்தை பள்ளிக்கூடத்தில் என்றோம். கல்வி அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கே முதல் ஜன்னல் மூன்றாவது ஜன்னலைக் காட்டியது. மூன்றாவது ஜன்னலில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்தவர் எங்களை முதல் ஜன்னலுக்கே அனுப்பினார். பெற்றோருக்கு உதவி செய்ய இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்களே, அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு ஆள் போடக்கூடாதா?

கடைசியில் சொன்னது யார் தெரியுமா? பட்டறைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். "லைப்ரரி மாடியில இருக்கே, அதுவா? அங்க நான்தானே கேன் போடுறேன்," என்றார். பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற நூலகம். தினமும் அதன் வாசலில்தான் நான் காரைத் திருப்புகிறேன்.

டிங்கரின் மனைவி வரவில்லை. அவள் ஒரு பேக்கிங் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். டிங்கரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கூப்பிட்டேன்.

"லீவு போட்டா சம்பளம் போயிரும் ஐயா," என்றாள். அப்புறம் புருஷனைப் பார்த்து, "இவரு போகட்டும். இவருக்குத்தான் காது கேக்காது. யாரு என்ன திட்டினாலும் சிரிச்சுக்கிட்டே வருவாரு," என்றாள்.

"யாரும்மா திட்டப் போறா?"

"நான் போனா என்னையத்தான் கேப்பாங்க. அம்மா என்ன பண்றா, அம்மா உக்காந்து சொல்லிக் குடுக்கலையான்னு. ஸ்கூல்ல கேட்டதே போதும்."

ஆகவே அவளுக்குப் பதிலாக நான் போனேன். மாடியில் ஒரே அறை. கீழே பாய், சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பெட்டிகள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க குழந்தையோட அப்பா. சரி. இவரு?"

"நான் முதலாளி," என்றேன்.

"முதலாளிக்கு இங்க வகுப்பு இல்லீங்களே."

"யாருக்கு வகுப்பு?" டிங்கர் கத்தினான். கீழே நூலகத்தில் யாரோ "உஷ்" என்றது மேலே கேட்டது.

"உங்களுக்குத்தான். அப்பா அம்மாவுக்கு."

டிங்கர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். படிப்பு வராதது பிள்ளைக்கு. வகுப்பு அப்பனுக்கு. கார் ஒடுங்கினால் டிரைவரையா பட்டறையில் விடுவார்கள்? இதை அந்த அம்மாவிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"குழந்தை இங்க வந்தா வாரத்துல ஒரு மணி நேரம்தான் இருப்பா. உங்க வீட்லதான் மிச்ச நேரமெல்லாம் இருக்கா. அதனால உங்களுக்குக் கத்துக் குடுக்கறோம். கட்டணம் கிடையாது."

இலவசம் என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. அது என் தொழில் புத்தி.

மூன்று வாரம் டிங்கர் போனான். பிள்ளை தப்பாகப் படித்தால் உடனே திருத்தக் கூடாதாம். பொறுமையாகக் கூட உட்கார வேண்டுமாம். என்னிடம் வந்து புலம்பினான்: "ஒடுக்கு கண்ணுக்குத் தெரியுது. தட்டாதேங்கறாங்க. எப்படி முதலாளி?" எனக்கும் விளங்கவில்லை. நான்காம் வாரம் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். இரவல்தான், பள்ளிக்குச் சான்று வேண்டுமென்றால் பெட்டியைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே விதி.

பெட்டிக்குள் மரப்பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் பசை தடவி மணலைத் தூவியிருந்தார்கள். கை வைத்தால் சொரசொரவென்று இருந்தது.

"என்ன பண்ணணும்னாங்க?" என்று கேட்டேன்.

"கண்ணை மூடிக்கிட்டு எழுத்து மேல விரலால தடவிப் பார்க்கணுமாம்."

சொல்லிவிட்டுத் தானே கண்ணை மூடித் தடவினான். கை நின்றது. எங்கள் தொழிலில் கண்ணை மூடித் தடவுவது ஒரே காரியத்துக்குத்தான். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூலைகள் தேய்ந்திருந்தன, மணல் அங்கங்கே உதிர்ந்திருந்தது.

"பாவம் முதலாளி. இலவசமா நடத்துறாங்க. நல்ல பலகை வாங்கக் காசில்ல போல. நம்மால முடிஞ்சதைச் செஞ்சு குடுப்போம்."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஒரு வெளிநாட்டுக் காருக்குக் கலக்கி மீந்த சிவப்பு பெயிண்டை நானே எடுத்துக் கொடுத்தேன். சாதாரண சிவப்பல்ல அது. வெயிலில் வைத்தால் கண் கூசும்.

அடுத்த பத்து நாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் பட்டன் பட்டறைக்கு வந்துவிடுவாள். டிங்கர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை பார்த்தான். பெரிய உள்ளங்கைக்குச் சின்னப் பலகை தோதுப்படவில்லை. அவள் விரல்தான் சரியாக இருந்தது.

"கண்ணை மூடு. இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. மேல இருந்து இறங்குது. அப்புறம் வளையுது. இங்க ஒரு சுழி இருக்கு."

எழுத்தின் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தேய்ப்பான். மறுபடி கேட்பான்.

"இப்ப?"

"சுழி மட்டும் இருக்கு."

மணலெல்லாம் போய், பட்டி பூசி, பலகை வழவழவென்று ஆனதும் ஒரு சிக்கல் வந்தது. எந்தப் பலகையில் எந்த எழுத்து இருந்தது? டிங்கருக்கும் படிப்பு என் அளவுதான். பட்டன் பிரைமர் என்கிற வெள்ளை அடிப்பூச்சின் மேல் விரலால் போட்டுக் காட்டினாள். "இப்படி இறங்குச்சுப்பா. இப்படி வளஞ்சுது." அவள் காட்டிய வழியிலேயே அவன் சிவப்பைத் தொட்டு பிரஷ்ஷை ஓட்டினான். மேலே ரெண்டு கோட்டு வார்னிஷ், அதாவது ரெண்டு பூச்சு. முகம் பார்க்கலாம் அதில். பட்டறையில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு நானும் கூடப் போனேன். பாராட்டு வாங்குகிற இடத்தில் முதலாளி இல்லாவிட்டால் எப்படி?

அந்த அம்மா பெட்டியைத் திறந்தார். ஒரு பலகையை எடுத்தார். விரலால் தடவினார். இன்னொன்றை எடுத்துத் தடவினார். முதலில் எடுத்ததையே மறுபடி தடவினார்.

"எழுத்து எங்க?"

"மேலயே இருக்கே மேடம்," என்று டிங்கர் சத்தமாகச் சொன்னான். "ரெண்டு கோட்டு."

"சொரசொரப்பு எங்க?"

"ஒண்ணுகூட இல்ல மேடம். நீங்க எங்க வேணா தடவிப் பாருங்க."

அந்த அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் நிற்காத எழுத்து தொட்டால் நிற்குமாம் சில பிள்ளைகளுக்கு. அதற்காகத்தான் மணலாம். அதை ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கியதாம். டிங்கரின் வாய் திறந்தபடியே இருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, அலமாரியைப் பார்த்தேன்.

பட்டன் மட்டும் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பலகையை எடுத்தாள். "இது ட. மடங்கி நிக்கும்," என்றாள். அடுத்ததை எடுத்தாள். "இது ண. இதுல நிறைய சுழி. அப்பா இதைத்தான் ரொம்ப நேரம் தேச்சாரு." இன்னொன்று. "இது ப." அந்த அம்மா மெல்ல நிமிர்ந்தார். அவராகவே ஒரு பலகையைக் காட்டினார். பட்டன் காற்றில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சிலது தெரியவில்லை. ஒன்றைத் தப்பாகச் சொன்னாள். பாதிக்கு மேல் சரி.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. நான் அப்பாகூட வேலை பார்த்தேன்."

அந்த அம்மா டிங்கரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இரண்டையும் விட்டுவிட்டு, "சான்று எழுதறதுக்கு எனக்குச் சந்தோஷம்தான். ஆனா பெட்டிக்குப் பணம் கட்டினாத்தான் தர முடியும். அடுத்த குடும்பம் இதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு," என்றார்.

பிள்ளை படித்துவிட்டது. அதற்கு அபராதமா? என் கணக்கில் இது எந்தப் பக்கமும் நிற்கவில்லை. இருந்தாலும் தொகை எவ்வளவு என்று கேட்டேன். என் பட்டறையில் இரண்டு கதவுக்கு பெயிண்ட் அடிக்கிற கூலி. பையில் கை விட்டேன்.

"வேண்டாம் முதலாளி," என்றான் டிங்கர்.

"பரீட்சைக்கு ஒரு வாரம்தாண்டா இருக்கு!"

"கெடுத்தது நான். நான் கட்டிர்றேன்."

"எங்கிருந்து கட்டுவே?"

பட்டன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். காது கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டது.

அந்த ஒரு வாரமும் மேஜையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். அட்வான்ஸ் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே மேஜைமேல் வைத்தேன். மாலையில் அது அப்படியே இருந்தது. பணம் இருக்கிறவனிடம் வாங்காமல் இருப்பதில் என்ன பெருமை? பணம் இருந்தும் கொடுக்க முடியாமல் நான் தவித்தது அதுதான் முதல் தடவை.

கடைசி நாள் மாலை டிங்கர் அவகாசம் கேட்க மாடிப்படி ஏறும்போது பின்னாலேயே நானும் ஏறினேன், பையில் பணத்தோடு. மேலே போனால் அவன் மனைவி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. விரல் நுனியெல்லாம் ஒட்டுப்பசை. பட்டன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பெழுத்துப் பலகைகளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படி வந்தே?" என்றான் டிங்கர்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கீழ படிக்கிறாங்க," என்றாள். "ஓவர்டைம் பார்த்தேன். அரை நாள் லீவும் போட்டேன்."

"திட்டுவாங்கன்னு உனக்குப் பயமா இருந்துச்சே?"

"இப்பவும் இருக்கு."

அந்த அம்மா எழுந்து வந்தார். "நீங்கதான் அம்மாவா? உக்காருங்க," என்றார். என்ன பண்ணுகிறாய் என்று கேட்கவில்லை. ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை என்றும் கேட்கவில்லை. "டீ குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்டார்.

டிங்கரின் மனைவி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். இதற்காகவா இத்தனை நாள் வராமல் இருந்தோம் என்று யோசித்தாளோ என்னவோ. "முதல்ல இது," என்று இடுப்பிலிருந்த பர்ஸை எடுத்தாள். நான் சட்டைப்பைக்குள் இருந்த என் கையை அப்படியே வெளியே எடுத்துவிட்டேன். அந்த அம்மா உள்ளங்கையை விரித்தார். பசை ஒட்டிய விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் வைத்தாள்.