மிளகு வந்த வீடு

கோபிசங்கருக்கு ஓரிடத்தில் இருக்க வராது. தென்மராட்சியில் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் பார்த்து எழுதுவது அவருடைய வேலை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். நாய்களைக் கண்ணில் காட்டக் கூடாது. கெண்டைக்காலில் இரண்டு தரம் கடி வாங்கியவர்.

அப்படிப்பட்டவரை ஒரு நாய் குழப்பிவிட்டது. கைதடியில் லவீனா என்ற பெண், கைவிடப்பட்ட நாய்களைத் தன் வளவில் வைத்துப் பராமரித்து வந்தார். கோபிசங்கர் அங்கே போகும்போதெல்லாம் மற்ற நாய்கள் கம்பி வலையில் பாய்ந்து குரைக்கும். ஒன்று மட்டும் சுவரைப் பார்த்தபடி மூலையில் படுத்திருக்கும். மண்ணிற உடம்பு, கறுத்த மூஞ்சி. மூன்றாவது மாதமும் அதே மூலை, அதே சுவர். ஓர் உயிர் எப்படி இவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கும் என்று மனைவி பிரசாந்தியிடம் இரண்டு நாட்களாக அதையே கதைத்தார்.

“அப்ப போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்,” என்றார் பிரசாந்தி.

லவீனா உடனே தரவில்லை. வீட்டை வந்து பார்த்து, வேலியில் நாய் நுழையக்கூடிய பொட்டுகளை அடைக்கச் சொன்னார்.

“பூட்டிக்கிடந்த வீடொண்டிலை கட்டி விட்டிட்டுப் போயிட்டினம், அண்ணை. ஆம்பிளையளின்ரை குரல் கேட்டா நடுங்கும். ஒரு அறையை அதுக்கெண்டு விடுங்கோ. தொடாதேங்கோ, முகத்தை உத்துப் பாக்காதேங்கோ. அதுவா வரட்டும்.”

நாய்க்கு மிளகு என்று பெயர். வந்த அன்றே கட்டிலுக்குக் கீழே விரித்திருந்த சாக்கில் போய்ச் சுருண்டது. கோபிசங்கர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்தார். வைத்த சோறு அப்படியே கிடந்தது. மீன் போட்டார், முட்டை போட்டார். இரண்டாம் நாளும் தின்னவில்லை.

“நீங்கள் எட்டிப் பாக்கப் பாக்க அது இன்னும் உள்ளுக்கை போகுது,” என்றார் பிரசாந்தி. “வைச்சிட்டு வெளியாலை வாங்கோ.”

வெளியே வந்தும் அவரால் இருக்க முடியவில்லை. முற்றத்தில் நடந்தார், கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினார். மூன்றாம் நாள் காலையில் தட்டு வெறுமையாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பிரசாந்தியிடம் காட்டக் குசினிக்கு ஓடினார்.

பத்தாம் நாளளவில் மிளகு அறை வாசல்வரை வந்தது. பன்னிரண்டாம் நாள், கயிற்றோடு முற்றத்துக்குக் கூட்டிப்போனார். கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது என்று லவீனா சொல்லியிருந்தார். இறுகுதே என்று பாவப்பட்டு, கோபிசங்கர் அதை ஒரு துளை தளர்த்தி விட்டிருந்தார். ஒழுங்கையில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வெடித்துக்கொண்டு ஸ்ரார்ட் ஆனது. மிளகு பின்னுக்கு இழுத்தது. தலை கழன்றது. கயிறும் பட்டியும் அவர் கையில் இருந்தன. நாய் திறந்திருந்த வாசல் படலையால் போய்விட்டது.

மோட்டார் சைக்கிளில் நுணாவில் ஊரெல்லாம் சுற்றினார். பெயர் சொல்லிக் கத்தினார். கண்டி வீதியில் பஸ்கள் விரையும்போதெல்லாம் நிறுத்தி வீதியோரத்தைப் பார்த்தார். கடைசியில் லவீனாவுக்கு அழைத்தார்.

“கூப்பிடாதேங்கோ, அண்ணை. துரத்திறியள் எண்டு நினைச்சு இன்னும் ஓடும். ஆக்களையும் கூட்டாதேங்கோ. கண்ட இடத்திலை அதின்ரை சாக்கைப் போட்டுட்டுப் பேசாமல் இருங்கோ.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவர் மீற்றர் பார்க்கும் வீடொன்றிலிருந்து அழைப்பு வந்தது. வயலோர மதகுக்குள் ஒரு நாய் கிடக்கிறதாம். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சாக்கையும் சோற்றையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

மதகுக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. சாக்கை விரித்தார், சோற்றை வைத்தார், முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். எட்டு மணியானது. ஒன்பதானது. வெயில் பிடரியில் சுட்டது. கால் ஆடத் தொடங்கியபோது கையால் அமத்திப் பிடித்தார். எழும்பு, போய்ப் பார், பிடி என்று உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வழியால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “என்ன, சுகமில்லையோ?” என்று கேட்டார். கோபிசங்கர் தலையை மட்டும் ஆட்டி அவரை அனுப்பினார்.

பத்தரை மணியிருக்கும், பின்னால் சோறு தின்னும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. சத்தம் நின்றது. நெடுநேரம் கழித்துக் கடைக்கண்ணால் பார்த்தார். மிளகு சாக்கில் படுத்திருந்தது, சேறு காய்ந்த உடம்போடு. கயிற்றுச் சுருக்கை மெல்ல அதன் கழுத்தில் போட்டபோது உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் எழும்பி ஓடவில்லை. தூக்கிக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு, அதன் நடைக்கே நடந்து வீட்டுக்கு வந்தார். பத்து நிமிடத் தூரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அன்று பின்னேரமே படலைக்கு உள்பக்கம் இன்னொரு சின்னப் படலை போட்டார். இப்போது ஐந்து மாதம். மிளகு பிரசாந்தியின் கையில் தின்னுகிறது. கோபிசங்கர் தொட்டால் ஒருகணம் உடம்பை இறுக்கி, பிறகு விடுகிறது. ஆட்கள் வந்தால் இன்னமும் கட்டிலுக்குக் கீழேதான்.

அடுத்த கிழமை பக்கத்துக் கோயிலில் தேர். வெடி கொளுத்துவார்கள். யன்னலுக்குத் தடித்த போர்வை, ஓயாமல் ஓடும் மின்விசிறி, ரேடியோ என்று லவீனா சொன்ன எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டார். ஆனாலும் நேற்று மூன்று தரம் அந்த யன்னலைச் சாத்திப் பார்த்தார்.

“தேருக்கு வரேல்லையோ?” என்று பிரசாந்தி கேட்டார்.

“நீர் போயிட்டு வாரும். நான் அறைக்குள்ளை இருக்கிறன்.”