எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

அன்று எங்கள் மனுரேவா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி. மெக்சிக்கோக் கடற்கரை விடுதியொன்றில் தங்கி, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் சுழியோடும் யோசனை தம்பியுடையது. முற்பணத்தையும் அவனே கட்டிவிட்டான்.

சுழியோடப் பழக்குபவர்கள் அனுப்பிய படிவத்தை நான் நிரப்பியிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு விசாப் படிவங்கள் கற்றுத்தந்தது ஒன்றுதான்: கேள்வி எதுவானாலும் ‘இல்லை’ என்று போட்டால் பிரச்சினை வராது.

மனைவி வாசித்துவிட்டுச் சிரித்தாள். “இஞ்சேருங்கோ, நீந்தத் தெரியுமோ எண்டதுக்கும் இல்லை எண்டு போட்டிருக்கிறியள்.”

“அத்தான், உங்களைக் கல்லுக் கட்டி இறக்கட்டோ?” என்றான் தம்பி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, வருமா என்ற கேள்விக்கும் ‘இல்லை’ என்றுதான் போட்டிருந்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு. தண்ணீருக்கடியில் அது வந்தால் மூச்சுவிட வழியிருக்காது. நீந்தவும் எனக்குத் தெரியும். இரண்டையும் ‘ஆம்’ என்று திருத்தினேன்.

“இழுப்பு எண்டா டொக்டரின்ர கடிதம் கேப்பினம். அவர் தராட்டி முற்பணம் போச்சு, அத்தான்,” என்றான் தம்பி.

“போனாப் போகட்டும். ஆள் திரும்பி வரவேணும்,” என்றாள் மனைவி.

கடிதம் வரும்வரை என் பங்கில் மிச்சத்தைக் கட்டுவதில்லை என்று முடிவானது. மிச்சம் எண்ணூற்றைம்பது டொலர்.