மீசை நனையும் வரை

பழவேற்காட்டுக் கரையில் திமிங்கிலக் குட்டி ஒதுங்கியிருக்கிறது என்று ரயிலில் பேச்சு. கும்மிடிப்பூண்டி போகவேண்டிய நான் பொன்னேரியிலேயே இறங்கி வந்து நிற்கிறேன்.

குட்டியாம்! கட்டுமரத்தைவிட நீளமாக இருக்கிறது. வால் தண்ணீரில், தலை மணலில். உயிர் இருக்கிறது. எட்டு மீனவர்கள் அதன்மேல் ஈரச் சாக்குகளைப் போர்த்திவிட்டுச் சும்மா நிற்கிறார்கள்.

குட்டியின் முகவாயில் விரல் நீளத்துக்கு நாலு நார் ஒட்டியிருக்கிறது. அறுந்த வலையாக இருக்கும் என்று ஒன்றைப் பிடித்து இழுக்கிறேன். அவ்வளவு பெரிய உடம்பும் வெடுக்கென்று சிலிர்க்கிறது.

"இன்னா சார் பண்றீங்க, வுடுங்க!" அவர்களில் சாக்கை நனைத்துக்கொண்டிருந்த எத்திராசு என்பவர் அதட்டுகிறார். "அது நாரு இல்ல, மீசை. முதுவுல ஏறி நின்னாலும் சும்மா கெடக்கும், மீசையத் தொட்டாத் தாங்காது."

வெட்கத்தில் கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். "தள்ளிவிடக் கூடாதா?"

"காலைல எட்டுப் பேரும் தள்ளிப் பாத்தோம். கல்லாட்டம் படுத்துக்கினு கீது. அதுவா வாலை அடிச்சாத்தான் போவும். மீசைல தண்ணி படட்டும், பாருங்க."

கடல் ஏறி வருகிறது. எல்லார் கண்ணும் முகவாயில். ஒரு மெல்லிய நுரை வந்து அந்த மயிர்களை வளைக்கிறது. குட்டி கண்ணைத் திறக்கிறது. வால் எழுந்து தண்ணீரை அறைகிறது.

"இப்பத் தள்ளு!" எத்திராசு கத்துகிறார்.

நானும் தோள் கொடுக்க ஓடுகிறேன். என் கை படுவதற்குள் அது நழுவிவிடுகிறது. எட்டுப் பேருக்கு அசையாதது, நாலு மயிர் நனைந்ததும் கடலுக்குள் போகிறது.