நூற்று நாற்பதுக்குக் கீழே

"நூத்தி அறுவத்திரெண்டு." சொல்லிவிட்டு மூன்று நிமிடம் வாய் திறக்கமாட்டார் பொன்னுத்தாயி. அப்புறம், "நூத்தி அம்பத்தெட்டு." மூளை ரத்தக் குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைத் தொடை வழியாகக் கம்பி விட்டு டாக்டர் எடுக்கும்போது, அறையிலுள்ள எல்லோரும் குழாய் தெரியும் பெரிய திரையைப் பார்ப்பார்கள். இந்த அம்மா மட்டும் பிரஷர் காட்டும் சின்னத் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

சிங்கம்புணரிக்காரர். வயது நாற்பத்தாறு. காரைக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ். "பிரஷர் நார்மல்" என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "நார்மலுங்கிறது ஒரு நம்பரா? நம்பரச் சொல்லுங்க." ஊருக்குப் போகும் பஸ் கண்டக்டரும் தப்ப முடியாது. "இப்பக் கெளம்பிரும்மா" என்றால், "இப்பன்னா எத்தன நிமிசம்?"

போன மாதம் ஒரு காலையில் என் தம்பி சேவுகப்பெருமாள் அவனுடைய பழம்பொருள் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணிச் சரிந்தான். வலது கை விழுந்துவிட்டது. பக்கத்து மருந்துக்கடை மெஷினில் பார்த்தால் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. என் சட்டைப்பையில் நான் தினமும் போடும் பிரஷர் மாத்திரை இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகப் பொடித்து அவன் நாக்குக்கு அடியில் வைத்தேன். கூடியிருந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான்.

ஆஸ்பத்திரியில் பொன்னுத்தாயி கேட்ட முதல் கேள்வி: "வார வழியில ஏதும் குடுத்தீகளா?"

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எத்தன மணிக்குங்கய்யா?"

"பத்து, பத்தேகால் இருக்கும்."

"பத்தா, பத்தேகாலா?"

டாக்டரிடம் ஓடிச் சொல்லிவிட்டு வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே பேசினார். "கொழா அடச்சுக் கெடக்குய்யா. சந்துபொந்து வழியாத்தேன் மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகுது. அதத் தள்ளத்தேன் ஒடம்பு தானா பிரஷர ஏத்தி வச்சிருக்கு. அதப் போயி எறக்கிட்டீகளே!"

பிரஷரை இறக்கு, இறக்கு என்றுதானே இருபது வருஷமாக எனக்கு எல்லா டாக்டரும் சொன்னார்கள்? கூடப் பிறந்தவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, என் கையாலேயே இப்படிச் செய்துவிட்டேனே.

சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கவிட்டார்கள். கட்டியை எடுக்கும்வரை பிரஷரை நூற்று நாற்பதுக்குக் கீழே போகவிடக் கூடாதாம். ஸ்பீக்கரில் பொன்னுத்தாயியின் குரல் கேட்டது. "நூத்தி முப்பத்தாறு, டாக்டர். நூத்தி நாப்பதுக்குக் கீழ போயிருச்சு." டாக்டர் சொல்லச் சொல்ல, அவர் பிரஷரை ஏற்றும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். "நூத்தி முப்பத்தொண்ணு." அந்தக் குரல் ஏறவுமில்லை, நடுங்கவுமில்லை. "நூத்தி நாப்பத்துநாலு" என்று கேட்பதற்குள் ஒன்பது நிமிடம் ஓடிவிட்டது.

கட்டி வெளியே வந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பொன்னுத்தாயி அப்போதும் திரும்பவில்லை. அடைப்பு திறந்தபிறகு ரொம்ப ஏறினால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடுமாம். இனி ஏறாமல் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாள் தம்பி எழுந்து நடந்தான். கையும் பாதி தேறிவிட்டது. பேச்சுத்தான் வரவில்லை. "அண்ணே" என்று கூப்பிட வாயெடுத்து, பாதியிலேயே நின்று, என்னையே பார்த்தான். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். பிரஷர் பார்க்கும் மெஷினோடு பொன்னுத்தாயி எதிரே வந்தார்.

"அந்த மாத்திரையாலதானா, தாயி?"

என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, என் கையில் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.