தாமஸின் வலையில் இரண்டு வால்வுகள்

6-6-1966: சோதனைக்கூடம் கட்ட ரூ. 42,300.
12-12-1966: நீரழுத்தச் சோதனை இயந்திரம், ரூ. 18,750.
4-3-1967: கயிறு, ரூ. 3.60.

மூன்றாவது செலவு சிலுவைமுத்துவுடையது. ராயபுரத்துக்காரர், திருவொற்றியூரில் கப்பல் வால்வு செய்யும் எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டர். பழைய பித்தளை வால்வு ஒன்றையும், சோதனைக்கூடம் கண்டுபிடித்த புதுக் கலவையில் செய்த ஒன்றையும் எண் பொறித்து, உப்புநீரை எது தாங்குகிறது என்று பார்க்க, ராயபுரம் கரையோரம் கடலுக்குள் நிற்கும் மரத்தூணில் கட்டித் தொங்கவிட்டார். காவலுக்கு, மீன்பிடிக்கும் மைத்துனர் தாமஸ்.

பதினான்கு மாதம் ஆயிற்று. தங்கள் வால்வுகளை இங்கே செய்யலாமா என்று பார்க்க, ஹாம்பர்க் நிறுவனம் ஒன்று க்ரூகர் என்ற பொறியாளரை அனுப்பியது. ஆர்டர் வராவிட்டால் சோதனைக்கூடத்தை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அங்கே சிலுவைமுத்துவோடு ஒன்பது பேருக்கு வேலை.

13-5-1968 காலை ஆறு மணிக்கு, க்ரூகரிடம் காட்ட வால்வுகளை எடுக்கப் போனார் சிலுவைமுத்து. தூணில் கயிறு மட்டும்தான் இருந்தது. கரையில் வலையோடு நின்ற தாமஸைப் பிடித்தார்.

"இன்னா மச்சான், வால்வு எங்க?"

"வலையில கீது மாமா. வலை மெதந்துகினே இருந்துச்சா, வெயிட்டுக்கு ரெண்டு பக்கமும் கட்டிட்டேன்."

"எப்போ?"

"போன வருசம், ஈஸ்டர் முடிஞ்சதும்."

"அட பேஜாரு புடிச்சவனே! சும்மா தொங்கட்டும்னா, கடலெல்லாம் ஊர்கோலம் வுட்டுகினு கீறியா?"

"கோச்சுக்காத மாமா. மீனு நல்லா மாட்டுது."

வலையிலிருந்து அவிழ்த்து வந்தவற்றைக் காட்டினால் மானம் போகும், வேறு புது வால்வு இரண்டை உப்பில் ஊறவைத்துக் காட்டிவிடலாம் என்றார் மேனேஜர் சுப்பராயன்.

"பொய் சொன்னா மெஷினே சிரிக்கும் சார்," என்றார் சிலுவைமுத்து. நடந்ததை நடந்தபடியே க்ரூகரிடம் சொன்னார். சுப்பராயன் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். க்ரூகர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, இரண்டையும் இயந்திரத்தில் மாட்டச் சொன்னார்.

பித்தளை வால்வு நூற்றைம்பது பவுண்டு அழுத்தத்திலேயே ஒழுகியது. சுப்பராயன் கைக்குட்டையை எடுத்தார். மற்றது முந்நூறு வரை ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

"முதலாவது ஏன் ஒழுகியது?" க்ரூகர் கேட்டது அது ஒன்றுதான்.

சிலுவைமுத்து அதை அங்கேயே அறுத்துக் காட்டினார். துத்தநாகம் கரைந்துபோன இடம் சிவந்து, பஞ்சுபோல் இருந்தது. அதற்காகத்தான் கலவையை மாற்றினோம் என்று சோதனைக்கூடத்தின் ஆங்கிலக் குறிப்பேடுகள் நான்கையும் எதிரே வைத்தார். மத்தியானச் சாப்பாடு ஆறியது. க்ரூகர் மாலைவரை எழுந்திருக்கவில்லை.

நாலாயிரம் வால்வுகளுக்கு ஆர்டர். சோதனைக்கூடத்துக்கு இரண்டாவது இயந்திரம். தாமஸ் தன் வலையில் கட்டிக்கொள்ள, தனிப் பெட்டியில் ஹாம்பர்க் வால்வுகள் இரண்டு. இந்த மூன்றையும் சொன்ன ஹாம்பர்க் கடிதம் வந்து சேர்ந்தது 22-7-1968.