ஏறும்போது நல்ல கால் முதலில்

2011-ஆம் வருடம் ஆனி மாதத்தில் என் மகளுக்குப் போர்ச்சுகலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கடல் உயிரினங்களைப் பற்றி ஆறு நாள் கருத்தரங்கு. அவளுடைய கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், நேரில் வந்து வாசிக்க வேண்டும். பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் சேற்றில் இறங்கி நண்டு பிடித்து, அளந்து, எடை போட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் அவள்.

"பரங்கிப்பேட்டை நண்டு பரங்கி நாட்டுக்கே போவுது" என்றார் என் கணவர். மாதத்துக்கு ஒரு தடவைதான் அவர் இப்படி ஏதாவது சொல்வார். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அவளுடைய இடது இடுப்பு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

2008 பங்குனியில் குமராட்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு என் ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான். அவள் பின்னால் புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். பஸ் சக்கரம் ஏறி இறங்கினால் தானாக உதிரும் என்று உளுந்துச் செடியைச் சாலை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். வருடா வருடம் பார்ப்பதுதான். வண்டி வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குத் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. முதலில் ஸ்க்ரூ போட்டுப் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து, ரத்த ஓட்டம் இல்லாமல் எலும்பின் தலை செத்துவிட்டது என்று சொல்லி மூட்டையே மாற்றினார்கள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது.

அதன் பிறகு நான் வண்டியைத் தொடவில்லை. இன்றைக்கும் இட்லிக்கு உளுந்து களையும்போது கை ஒரு கணம் நின்றுதான் நகரும்.

ஊருக்கு நாங்கள் சொன்னது சுளுக்கு. சொல்லிக்கொடுத்தவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. சிதம்பரத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார். "கல்யாணம் ஆவற வரைக்கும் சுளுக்குதான். வேணும்னா சின்னதா ஒரு ஆபரேஷன்னு வெச்சுக்க. அதுக்கு மேல ஜாஸ்தி பேசாத" என்றார். ஒன்றரை வருடச் சுளுக்கை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த ஆனியில் திட்டக்குடியிலிருந்து ஒரு வரனும் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் எங்கள் ஊரிலேயே இருந்தார். அவர் வழியாகத்தான் நாத்தனார் பேசிக்கொண்டிருந்தார்.

போர்ச்சுகல் விசாவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம் என்றார்கள். மேலவீதியில் ஓர் ஏஜென்ட் உண்டு. ஆனால் அவர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பாலிசி போட்டவர். அவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். அதனால் கடலூருக்குப் போவது என்று முடிவு செய்தேன். மகளிடம், "அங்க நல்லா விளக்கமா சொல்லுவாங்களாம்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் நான் ஒரு நோட்டுப் போட்டுவிட்டிருந்தேன். நடைபாதை ஓரத்து இருக்கை கேட்க வேண்டும். ரத்தம் கட்டாமலிருக்க இறுக்கமான காலுறை. மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். டாக்டர் கடிதம் மூன்று பிரதி, எக்ஸ்ரே ஒன்று. தங்கும் அறையில் கட்டில் எவ்வளவு உயரம், குளியலறையில் கைப்பிடி உண்டா என்று மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டும். பெட்டியை அவளால் தள்ள முடிகிறதா என்று பார்க்க, அதில் பொன்னி அரிசி நிரப்பி மொட்டைமாடியில் இழுக்கச் சொன்னேன்.

"ஏம்மா, அங்க போய் நான் பொங்கிப் போடப்போறனா?" என்றாள். பெட்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டே, "நண்டா பொறந்திருந்தா கால் போனாலும் ஓடு கழட்டிட்டுப் புதுசு மொளச்சிருக்கும். உன் நோட்டும் மிச்சம்" என்றாள். இப்படிப் பேசக்கூடியவள்தான் அவள்.

கடலூர் பஸ்ஸையும் நான் விடவில்லை. விமானத்தில் எழுந்து நிற்பதற்கு இதுவே பழக்கமாகட்டும் என்று, ஒரு மணி நேரம் ஆனதும் அவளை எழுப்பி நிறுத்தினேன்.

கண்டக்டர் பார்த்துவிட்டார். "எங்கம்மா எறங்கணும்?"

"எங்கயும் இல்லைங்க. கால் மரத்துப்போவக் கூடாதுன்னு சும்மா நிக்கிறா."

"ஒக்கார எடமில்லாம அவுங்க அவுங்க தொங்கிக்கிட்டு வராங்க. எடம் இருந்தும் நிக்கிறவுங்கள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். "கண்டக்டர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க பாப்பா, எழுதிப் போடு." பஸ்ஸே சிரித்தது. அவளும்தான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அந்த ஏஜென்ட் அலுவலகம். செங்குத்தான படி, கைப்பிடி கிடையாது. பாஸ்போர்ட் நகல் எடுத்துவர மகளைக் கீழே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் மேலே போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஏஜென்ட் படிவத்தைக் கொடுத்து உட்காரச் சொன்னார். எதிர் பெஞ்சில் காடாம்புலியூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார்களாம். மடியில் முந்திரிப் பை.

நான் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவள். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தப்பாக நிரப்புகிறவர்களைத் திட்டியும் இருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். 'இதற்கு முன் ஏதேனும் நோய், அறுவைச் சிகிச்சை உண்டா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பேனா அங்கே நின்றது. இந்தத் தாள் எங்கெங்கே போகும், யார் யார் கைக்குப் போகும் என்று யோசித்தேன். 'இல்லை'யில் டிக் போட்டேன். போட்டதும் கையெழுத்தையும் போட்டு, யோசனை மாறுவதற்குள் எழுந்து போய்க் கொடுத்துவிட்டேன்.

அவர் பின் குத்திக்கொண்டே வழக்கமாகக் கேட்பதுபோல், "ஆபரேஷன், ராடு, பிளேட்டு எதுவும் இல்லையே மேடம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

கதவு திறந்தே இருந்தது. மகள் படியேறி வருவது உள்ளிருந்து தெரிந்தது. காடாம்புலியூர் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். "பொண்ணுக்குக் கால்ல என்னா ஆபரேஷன்?"

"சுளுக்கு" என்றேன். வாய்க்குப் பழகிப்போயிருந்தது.

"சுளுக்கா? ரெண்டு முட்டியும் ஒண்ணொண்ணா மாத்தினவ நான், எங்கிட்டயே சுளுக்கா?" அவருக்குச் சின்னக் குரல் கிடையாது. "ஏறும்போது நல்ல கால், எறங்கும்போது வெட்டுன கால். கால் பயிற்சி குடுத்த பொண்ணு என்னைய எத்தினி நாள் பாடாப் படுத்தி இதச் சொல்லிக் குடுத்தா தெரியுமா? இந்தப் பொண்ணு ஒவ்வொரு படிக்கும் நல்ல கால மொதல்ல வெச்சுதான் ஏறுது. சுளுக்குக்கு எந்த ஊர்ல இப்பிடி சொல்லிக் குடுக்குறாங்க?"

சமதரையில் அவள் நடப்பதில் வித்தியாசமே தெரியாது. சாதாரணப் படியிலும் தெரியாது. அந்தச் செங்குத்துப் படிதான் காட்டிக்கொடுத்தது.

மகள் வாசலில் நகல்களோடு நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. "இடுப்புங்க. எடது பக்கம்" என்றாள், பேருந்தில் நேரம் கேட்டவருக்குச் சொல்வதுபோல.

"எத்தினி வருசமாச்சு?"

"ரெண்டு வருசம் ஆவப்போவுது. உங்களுக்கு?"

"மூணு."

"அப்ப நீங்க எனக்கு சீனியர்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அவர் கணவரின் மடியிலிருந்த முந்திரிப் பை சரிந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஏஜென்ட் குத்திய பின்னை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், இதுல இல்லைன்னு போட்டிருக்கீங்க."

மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். என் டிக்கைப் பார்த்தாள், என் கையெழுத்தைப் பார்த்தாள்.

"அங்க நான் கீழ விழுந்தா எக்ஸ்ரே எடுப்பாங்கம்மா" என்றாள். "அதுல என்னா தெரியும்னு நெனச்ச? சுளுக்கா?"

"உங்க அத்தை சொன்னாங்கன்னு..."

"அத்தை சொன்னது கல்யாணத்துக்கு. இது ஆஸ்பத்திரிக்கு."

ஏஜென்ட் குறுக்கிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. "மாத்தின மூட்டுக்குன்னு கம்பெனி பணம் தராம இருக்கலாம் மேடம். அது வேற. ஆனா மறைச்சது தெரிஞ்சா, கை ஒடிஞ்சாலும் காய்ச்சல் வந்தாலும் அதக் காட்டியே இல்லைன்னுடுவாங்க. எழுதிக் குடுத்துட்டா எதுக்கு உண்டு, எதுக்கு இல்லைன்னு மொதல்லயே தெரிஞ்சுபோவும்."

"எழுதினா மாட்டேன்னு சொல்லிடுவாங்களா?"

"சொல்லலாம். டாக்டர் லெட்டர் குடுங்க, பாப்போம்." புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். விசாவுக்கு நேரில் போக வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மாட்டேன் என்று வந்தால் அவள் போக முடியாது. என் மனத்தின் ஒரு மூலையில் அப்படி வந்தால் நல்லது என்றும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுபடி எழுதினேன். 'ஆம்' கட்டத்துக்குப் பக்கத்தில் விவரம் எழுத இருந்த இடம் அரை விரல் அகலம். இடது இடுப்பு மூட்டு முழுவதும் மாற்றப்பட்டது என்று எழுதினேன். அதை நான் எழுத்தில் பார்த்தது அன்றுதான். காரணம் என்று கேட்டிருந்தார்கள். இருசக்கர வாகன விபத்து. அதற்கடுத்த கட்டத்தில், ஓட்டியது யார் என்று கேட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். விபத்து நடந்த வருடத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

கிளம்பும்போது காடாம்புலியூர் அம்மாள் மகளின் கையில் ஒரு பிடி முந்திரியைத் திணித்தார். "அங்க ஏர்போர்ட்டுல மெஷின் கத்தும். பயப்படாத. நம்ம ஆளுங்களுக்கு மட்டுந்தான் அது கத்தும்."

அடுத்த எட்டு நாளும் கவுன்ட்டரில் நான் முத்திரை குத்தியது எல்லாம் கோணல். ஒன்பதாம் நாள் ஏஜென்ட் போன் செய்தார். பாலிசி வந்துவிட்டது. மாற்றிய இடுப்பு தொடர்பான செலவு மட்டும் கிடையாது, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு.

"சரி, இடுப்ப நான் பாத்துக்கறேன், மீதிய அவுங்க பாத்துக்கட்டும்" என்றாள் மகள். அன்றிலிருந்து மாலையில் நாலு வீதியையும் வேகமாகச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். நானும் கூடப் போனேன். கீழவீதியிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

விமானம் மதியத்தில். வழியனுப்ப வேன் பிடித்தோம். நாத்தனாரும் வந்தார், கூடவே திட்டக்குடிச் சொந்தக்காரப் பெண்மணியையும் அழைத்து வந்துவிட்டார். "வெளிநாட்டுக்குப் போற பொண்ணுன்னு அவுங்க கண்ணால பாக்கட்டுமே" என்று என் காதில் சொன்னார். "நீ மட்டும் வாயத் தொறக்காத."

விமான நிலைய வாசலில் மகள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்து ஒரு காலில் நின்று காட்டினாள், இடது காலில். எனக்கு உயிர் போய் வந்தது.

வேன் திரும்பித் தாம்பரம் தாண்டியபோது என் கைப்பேசி அடித்தது.

"மெஷின் கத்திடுச்சும்மா! எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. செக் பண்ற அம்மா தனியா கூப்ட்டு என்னான்னாங்க. இடுப்பு மாத்தியிருக்கேன்னு லெட்டரக் காட்டினேன். இந்த வயசுலயான்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எங்கம்மா வண்டி ஓட்டினாங்கன்னேன்."

எனக்கு முன்னால் அவள் சிரித்துவிட்டாள். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத வாக்கியம் அது. முன்பின் தெரியாத ஒருவரிடம், வரிசையில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்தேன், மூக்கு ஒழுகுகிற சிரிப்பு. "போடி" என்று மட்டும் சொல்ல முடிந்தது. இருக்கை ஓரமாகக் கிடைத்ததா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

"என்னாவாம்?" என்றார் நாத்தனார்.

"மெஷின் சத்தம் போட்டுச்சாம் அண்ணி."

"எதுக்கு?" என்றார் பின்சீட்டிலிருந்து திட்டக்குடிச் சொந்தக்காரர்.

நாத்தனார் என் தொடையைக் கிள்ளினார். நல்ல கிள்ளு.

"எடது இடுப்புல மூட்டு மாத்தியிருக்குங்க. உள்ள மெட்டல்" என்றேன். "சுளுக்குன்னு சொன்னது பொய். நான் ஓட்டின வண்டியிலேருந்து விழுந்துட்டா."

நாத்தனார் கையை எடுத்துக்கொண்டார். பிறகு பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "எந்த ஆஸ்பத்திரிலங்க பண்ணீங்க? எங்க மாமியாருக்கு முட்டி மாத்தணும்னு ரெண்டு வருசமா சொல்றாங்க. பயந்துகிட்டே கெடக்குறோம்."

ஆஸ்பத்திரியில் தொடங்கி, படியேறும் முறை வரைக்கும் சொன்னேன். அவர் அதை எழுதித் தரச் சொன்னார். என் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். திட்டக்குடியிலிருந்து அதற்குப் பிறகு தகவல் எதுவும் வரவில்லை. அந்த மாமியாருக்கு மட்டும் தையில் ஆபரேஷன் நடந்தது.

நாத்தனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் காலையிலிருந்து வாயே திறக்காமல் வந்த என் கணவர், வாட்சைப் பார்த்துவிட்டு டிரைவரின் தோளைத் தட்டினார்.

"ஒரு மணி நேரம் ஆயிடுச்சு தம்பி. டீக்கடையா பாத்து நிறுத்துங்க. எல்லாரும் எறங்கி அஞ்சு நிமிசம் நிக்கணும்."