ஆடுகளுக்குச் சொன்னது

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறவள் நான். எழுத்தாளராக வாழ்ந்த ஒருவரைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அத்தானின் ஓராண்டு நினைவுக்கு நீதான் எழுத வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் ஸ்கொட்லாந்தின் வடக்கே, மழையும் பனிமூட்டமும் விலகாத ஒரு மேட்டுநிலத்தில், இடையர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நோயில் விழுந்ததால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு ஆடுகளுக்குப் பின்னால் போனார். மருந்துப் போத்தல்களைச் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களை வாசித்து வாசித்தே எழுதக் கற்றுக்கொண்டார். பிறகு ஆடு மேய்க்கும் வேலைக்கென்று ஜெர்மனிக்கு வந்து, ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு மலைக் கிராமத்தில் தங்கிவிட்டார். கால் முறிந்து வைத்தியசாலையில் கிடந்தபோது, அங்கே சமையலறையில் வேலை செய்த அக்காவைச் சந்தித்தார்.

கலியாணச் செய்தி கேட்டு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னதை இப்போதும் சொல்லிச் சிரிப்போம். "வெள்ளைக்காரனைக் கட்டுறதெண்டால் ஒரு டொக்டரைப் பார்த்திருக்கலாமே பிள்ளை! உனக்கு ஆட்டுக்காரனே கிடைச்சவன்?" பின்னாளில் ஜெர்மனிக்கு வந்து படுக்கையில் விழுந்த அதே அம்மா, அத்தான் பருக்கினால்தான் கஞ்சி குடித்தார்.

அத்தான் ஆங்கிலத்தில் எழுதிய கதைகள் இரண்டு புத்தகங்களாக வந்தன. எல்லாம் இடையர்களின் கதைகள். அவர்களில் பாதிப் பேர் இறந்தவர்கள். அவர்கள் ஒருவரையும் பயமுறுத்துவதில்லை. இறந்துவிட்டதை யாரும் சொல்லாததால், வழக்கம்போல வேலைக்கு வந்துகொண்டிருப்பார்கள்.

"அது கதை இல்லை மச்சாள்," என்றார் ஒருமுறை என்னிடம், அக்காவிடம் பழகிய தமிழில். "எங்கட ஊரில ஆள் செத்தால் ஆடுகளுக்குப் போய்ச் சொல்லோணும். சொல்லாட்டி அதுகள் பார்த்துக்கொண்டு நிக்கும். செத்தவனும் வருவான்."

எந்தக் கதையையும் எழுதுவதற்கு முன், மாலையில் மேய்ச்சல் நிலத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஆடுகளுக்குச் சொல்லிப் பார்ப்பார். அவை திரும்பிப் போய்விட்டால் அந்தக் கதையை எழுதமாட்டார். அந்தக் கதிரையில் இருந்தபடியேதான் அவருடைய மூச்சும் நின்றது.

கனடா, லண்டன், யாழ்ப்பாணம் என்று உறவினர் ஒருவரையும் விடாமல் அறிவித்தோம்.

அதன் பின் ஆடுகள் மேயவில்லை. மாலையானால் வெறும் கதிரையைப் பார்த்தபடி கூடி நின்றன. விலா எலும்பு தெரிய மெலிந்தன. இனி இறைச்சிக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றார் அவற்றைப் பொறுப்பேற்றிருந்த பக்கத்துப் பண்ணைக்காரர். அக்காவும் சாப்பாட்டை விட்டார். அவரும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

"அக்கா, ஆடுகளுக்கு நாங்கள் சொல்லேல்லை," என்றேன்.

"எனக்கு ஏலாது. அந்தச் சொல்லு வாயில வராது. நீ போய்ச் சொல்லு."

"நான் என்னெண்டு? ஆக்களோடயே எனக்குக் கதைக்க வராது."

"அதுகள் ஆக்களில்லைத்தானே. போ."

போனேன். கதிரையில் இருக்க மனம் வராமல் அதன் பக்கத்தில் நின்றேன். மேலே எழுதியிருக்கும் அவருடைய வாழ்க்கையைத்தான், பிறந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். ஆடுகள் அசையாமல் நின்றன. பாதியில்தான் கவனித்தேன். ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. கதிரையில் ஓர் ஆள் இருந்தால் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அங்கேயே எல்லாக் கண்களும் நின்றன.

ஆடுகளை விட்டுவிட்டுக் கதிரைப் பக்கம் திரும்பினேன்.

"அத்தான், நீங்கள் செத்துப்போனியள்," என்றேன். "செத்தவீடும் முடிஞ்சுது. அக்காவை நான் பாக்கிறன். நீங்கள் போங்கோ."

கதிரை கிறீச்சிட்டது. ஆடுகளின் தலைகள் எல்லாம் ஒன்றாக, மெதுவாக, நடந்துபோகும் ஒருவரைப் பார்ப்பதுபோல வேலிப் படலைப் பக்கம் திரும்பின. காற்று இருக்கவில்லை. படலை திறந்தது.

இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும், அந்த நாட்களில் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்காவின் வைத்தியசாலைத் தோழிகளுக்கும், ஆடுகளை அனுப்பாமல் பொறுத்திருந்த பண்ணைக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

படலை திறந்த மறுநாள் காலை ஆடுகள் மேய்ந்தன. அக்கா இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். நான் போய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.